படுக்கையைச் சுமந்த நால்வரைப் போல: மனச்சோர்வில் விழுந்த விசுவாசிக்கு நண்பராக உடன் நிற்பதற்கான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஒரே பாடகர் குழுவில் பதினோரு ஆண்டுகள் என் பக்கத்தில் நின்று பாடிய தோழி, 2022-ஆம் ஆண்டில் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் பாட்டுப் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நாங்கள் மனநல மருத்துவரைப் பார்ப்பதற்குள் ஐந்து மாதங்கள் கடந்துபோயின. அந்த ஐந்து மாதங்களை நாங்கள் இழந்ததற்கு அன்பின்மையோ ஜெபக்குறைவோ காரணமல்ல. எதை, யார், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. உங்கள் சபையில், வாலிபர் ஐக்கியத்தில், வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒருவர் இப்படி ஒடுங்கிப்போவதைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறீர்கள் என்றால், இது உங்களுக்காக எழுதப்பட்டது.

மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரனை (உடல் செயலிழந்தவனை) நான்கு பேர் படுக்கையோடு சுமந்துவந்து, வீட்டின் மேற்கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு அப்போது ‘அவர்கள் விசுவாசத்தை’க் கண்டார் என்றே அங்கே எழுதியிருக்கிறது; சுமந்துவந்தவர்களுடைய விசுவாசமும் அதில் உண்டு. மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘விசுவாசத்தை உயர்த்து’ என்று சொல்வதை விட்டுவிட்டு, நாம் படுக்கையின் ஒரு மூலையைப் பிடிப்பதே நம் வேலை. கீழே உள்ளவை யாவும் அந்த ஒரு மூலையைப் பிடிக்கும் வழிகளே.

1. இரண்டு வாரக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்

துக்கம் எல்லோருக்கும் வரும். ஆனால் நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டிருப்பது, பிடித்தவற்றில்கூட நாட்டமில்லாமல் போவது ஆகிய இரண்டில் ஒன்றாவது ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, அதனோடு தூக்கம், பசி, உடல்வலு, கவனம் ஆகியவையும் கெட்டு, ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டால், மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. அது மனச்சோர்வுதானா என்று தீர்மானிப்பது மருத்துவருடைய பொறுப்பு. கணக்கு வைத்திருப்பது மட்டுமே உங்களுடையது.

விசுவாசிகளிடம் இந்த நோய் பெரும்பாலும் ஆவிக்குரிய மொழியில்தான் பேசும். ‘வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை’, ‘தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார்’, ‘மன்னிக்க முடியாத பாவத்தைச் செய்துவிட்டேன்’ என்றெல்லாம் சொல்வார்கள். என் தோழி சொன்னது, “எனக்கு ஜெபிக்கவே வரலடி” என்பதுதான். நான் அதை ஆவிக்குரிய குளிர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். அவள் மூன்று வாரங்களாகவே விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, மறுபடி தூங்க முடியாமல் கிடந்திருக்கிறாள் என்பதை நான் கேட்டே தெரிந்துகொள்ளவில்லை. ஆகவே முதலில் தூக்கத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேளுங்கள்.

2. உயிரைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள்

இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். “செத்துப்போகலாம்னு தோணுதா? அதுக்கு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?” என்று அமைதியாக, தனியாக வைத்துக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்பவர் ஒருவர் கிடைத்தார் என்ற ஆறுதலே பெரும்பாலும் மிஞ்சும். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்ட எலியா ஒரு தீர்க்கதரிசி. அந்த எண்ணத்தை வாய்விட்டுச் சொன்னவரை, ‘அது பாவமில்லையா, நரகமில்லையா’ என்று மிரட்டினால் அவர் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

‘ஆமாம்’ என்ற பதில் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, சேர்ந்து கிடக்கும் மாத்திரைகள் போன்றவற்றை அன்றே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுக்காதீர்கள். குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவருக்கு இது தெரிந்தாக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண் (அரசின் மனநல உதவி எண்) இலவசம், எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 மருத்துவ ஆலோசனைச் சேவையும் உண்டு. சென்னையிலுள்ள ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டுவிட்டார் என்றால் 108-ஐ அழைத்து நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

போலீஸ் வழக்கு ஆகிவிடும் என்ற பயத்தால் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனவேதனையில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பயத்தால் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காதீர்கள்.

3. நான்கு பேரை மட்டும் சேருங்கள்

ஒருவரால் இதைத் தனியே சுமக்க முடியாது. நாற்பது பேர் சுமந்தால் இரகசியம் நிற்காது. மருத்துவமனைக்கு உடன் போக ஒருவர், மாத்திரையையும் செலவையும் கவனிக்க ஒருவர், வீட்டு வேலையிலும் பிள்ளைகளிலும் கைகொடுக்க ஒருவர், நாள்தோறும் ஒரு முறை விசாரிக்க ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். யார் யார் என்பதை நோயில் இருப்பவரே சொல்லட்டும். எங்கள் நால்வரில் ஒருவர் என் தோழியின் அண்ணி. ஒருவர் எங்கள் ஆலயத்துக்கே வராத, அவளோடு வேலை பார்க்கும் இந்துத் தோழி. அந்தத் தோழிதான் ஒரு நாளும் உபதேசம் செய்யாமல் எட்டு மாதங்கள் மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்.

இந்தக் கட்டத்தில் காத்திருக்கும் பெரிய கண்ணி ஜெப விண்ணப்பம். ‘நம் சகோதரி மன அழுத்தத்தில் இருக்கிறார், பாரத்தோடு ஜெபியுங்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ நல்லெண்ணத்தோடு போட்ட ஒரு வரி, எங்கள் விஷயத்தில் இரண்டு நாட்களில் அவளுடைய மாமியாரின் ஊர்வரை போய்ச் சேர்ந்தது. திருமணமாகாதவர்களுக்கு அது வரன் பேச்சுவரை போகும். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், ‘உடல்நலமில்லாத ஒருவருக்காக’ என்பதோடு நிறுத்துங்கள். தேவனுக்குப் பெயர் தெரியும்.

4. போதகரிடம் என்ன கேட்பது, எதை மறுப்பது

போதகரிடம் போவதில் தவறில்லை, போகவும் வேண்டும். ஆனால் என்ன வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போங்கள். நாங்கள் கேட்டிருக்க வேண்டியவை மூன்று: வாரம் ஒரு முறை பதினைந்து நிமிடம் வந்து சந்திப்பது, விஷயத்தை வெளியே சொல்லாமல் காப்பது, மருத்துவம் பார்ப்பது விசுவாசத்துக்கு விரோதமல்ல என்று குடும்பத்தாரிடம் தம் வாயால் சொல்வது. மூன்றாவதுதான் விலைமதிப்பற்றது. நண்பர் நூறு முறை சொன்னாலும் அசையாத தகப்பனார், ஐயர், அதாவது போதகர், ஒரு முறை சொன்னால் ஆட்டோவைக் கூப்பிடுவார். பவுல் தம் நிருபத்தில் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று அழைப்பதை அவர் நினைவூட்டினாலே போதும்.

மறுக்க வேண்டியவையும் உண்டு. முதலாவது, பிசாசின் பிடி என்று சொல்லிக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி, தலையைப் பிடித்து உலுக்கிச் செய்யப்படும் ஜெபம். ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாக எண்ணிக்கொண்டிருப்பவரை அது இன்னும் ஆழத்தில் தள்ளுகிறது. இரண்டாவது, உபவாசம். பசியில்லாமல் எடை குறைந்துகொண்டிருப்பவருக்கு உபவாசம் தீங்கு செய்யும்; மாத்திரை தொடங்கியபின் வெறும் வயிற்றில் குமட்டல் அதிகமாகலாம். உபவாசிக்க வேண்டுமென்றால் அவருக்காக நீங்கள் உபவாசியுங்கள். எலியாவுக்கு தேவதூதன் கொண்டுவந்தது பிரசங்கம் அல்ல, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். தூங்கவிட்டு, மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பிடச் சொன்னான். மூன்றாவது, மறைந்திருக்கும் பாவத்தைத் தேடும் விசாரணை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது.

5. மருத்துவமனைக்குப் போகும் நாள்

யாரைப் பார்ப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். மருந்து எழுதிக்கொடுக்கத் தகுதியுள்ளவர் மனநல மருத்துவர். பேச்சுச் சிகிச்சை தருபவர் உளவியலாளர். அவர் மருந்து எழுதமாட்டார். கிறிஸ்தவ ஆலோசகர் என்ற பெயரில் இருப்பவர்களில் முறையாகப் படித்தவர்களும் உண்டு, இரண்டு நாள் முகாமில் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் முதல் சந்திப்பு மனநல மருத்துவரோடுதான் இருக்க வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கள் ஊரில் ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவமனையிலும், சென்னையில் கீழ்ப்பாக்கத்திலுள்ள மனநலக் காப்பகத்திலும் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். எந்த நாள் என்று முந்தின வாரமே கேட்டுவையுங்கள். ‘டாக்டர் நம்ம விசுவாசத்தைக் கேலி பண்ணுவாரோ’ என்று தயங்குகிற குடும்பத்தார்க்கு, வேலூர் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருப்பதைச் சொல்லலாம். அங்கே உள்நோயாளியாகச் சேர்ந்தால் குடும்பத்தில் ஒருவர் உடன் தங்க வேண்டியிருக்கும். விடுப்பு, பிள்ளைகள், பயணச் சீட்டு எல்லாவற்றையும் அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் அட்டை, இதுவரை பார்த்த மருத்துவர்களின் சீட்டுகள், தற்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் (சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, நாட்டு மருந்து எதுவானாலும்), அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகள். தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடும் என்பதால் அந்தப் பரிசோதனைகளை மருத்துவர் கேட்பது வழக்கம். ஏற்கெனவே எடுத்த முடிவு கையில் இருந்தால் ஒரு நடை மிச்சம்.

இவற்றைவிட முக்கியமானது ஒரு பக்கத் தாள். அறைக்குள் போனதும் என் தோழிக்கு வாய் திறக்கவில்லை. மருத்துவருக்கும் வெளியே கூட்டம் காத்திருந்தது. எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், எடை எவ்வளவு குறைந்தது, சாவைப் பற்றிப் பேசினாரா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா, கர்ப்பமா, பாலூட்டுகிறாரா என்பவற்றை முந்தின இரவே இருவரும் சேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடும் பேச்சோடும் செலவோடும் இருந்த நாட்கள் முன்பு எப்போதாவது உண்டா என்பதையும் எழுதுங்கள். அப்படி இருந்திருந்தால் நோயும் மருந்தும் வேறு, அதை மறைத்துவிட்டுச் சாதாரண மனச்சோர்வு மாத்திரையை வாங்கினால் ஆபத்து. மருத்துவரோடு அவர் தனியே பேசவும் பத்து நிமிடம் விட்டுக்கொடுங்கள்.

அரசு மருத்துவமனைக்குக் காலை எட்டு மணிக்குள் போய்ச் சீட்டு வாங்கிவிட்டால் மதியத்துக்குள் திரும்பலாம். காலையில்தான் இந்த நோயின் பாரம் பலருக்கு அதிகம். எழுப்பிக் கிளப்பவே ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, நீங்கள் ஆறு மணிக்கே அவர் வீட்டில் இருங்கள்.

6. செலவு

அரசு மருத்துவமனையில் சந்திப்பும் மாத்திரையும் இலவசம். தனியாரிடம் நாங்கள் கொடுத்தது முதல் சந்திப்புக்கு 700 ரூபாய், அடுத்தடுத்தவற்றுக்கு 400. மாத்திரை மாதம் 350 முதல் 500 வரை. மத்திய அரசுத் திட்டத்தின் மலிவு விலை மருந்துக் கடையான ஜன் ஔஷதியில் அதே மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேட்டபோது இதில் பாதிக்கும் கீழே வந்தது. பேச்சுச் சிகிச்சைதான் செலவு கூடியது. ஓர் அமர்வுக்கு 1,000 ரூபாய், ஆறு அமர்வுகள்.

காப்பீடு வைத்திருப்பவர்கள், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்வதை அறிந்துகொள்ளுங்கள். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவையே ஏற்கும். மாத மாத்திரைக்கு அதை நம்ப வேண்டாம். ஒன்றை மனவருத்தத்தோடு எழுதுகிறேன்: முதல் ஐந்து மாதங்களில், பிசாசை விரட்டும் ‘விடுதலை’க் கூட்டங்களுக்காக வேன் வாடகையும் காணிக்கையுமாக அவள் குடும்பம் செலவிட்ட பணத்தில் இரண்டு வருட மாத்திரையை வாங்கியிருக்கலாம்.

7. முதல் ஆறு வாரங்கள்

எங்கள் சறுக்கல் இங்கேதான் நடந்தது, ஆகவே நிதானமாக வாசியுங்கள். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் காய்ச்சல் மாத்திரையைப் போல மறுநாளே வேலை செய்வதில்லை. குமட்டல், தலைவலி, படபடப்பு, தூக்கக் கோளாறு போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், முழுதாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். கெடுதி முன்னே, நன்மை பின்னே என்ற இந்த இடைவெளியில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். என் தோழி பத்தாம் நாள், ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ‘மாத்திரையைத் தூக்கி எறி, சுகம் பெற்றுக்கொண்டாய்’ என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நிறுத்தினாள். நிறுத்தியதை எங்களிடம் சொல்லவும் வெட்கப்பட்டாள். மறுபடி முதலிலிருந்து தொடங்க ஏழு வாரங்கள் ஆயின.

ஆகவே முதல் நாளே நாட்காட்டியில் ஆறாம் வாரத்தின் கடைசி நாளை வட்டமிடுங்கள். அதுவரை பலனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். பக்கவிளைவு தாங்க முடியாவிட்டால் தானாக நிறுத்தாமல் மருத்துவரை அழையுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றுவார். வயது 25-க்கு உட்பட்டவர்களிடம் முதல் வாரங்களில் சாவு எண்ணம் கூடுகிறதா என்று மிகக் கவனமாகப் பாருங்கள். உயிராபத்து இருந்தவர் என்றால் மாத்திரையை வேறொருவர் வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு உரியதை மட்டும் கொடுக்கட்டும். மருந்து தீர்வதற்கு ஐந்து நாள் முன்பே வாங்குங்கள், குறிப்பாகக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன். அடிமையாக்கிவிடுமா என்று வீட்டார் கேட்பார்கள். இவ்வகை மாத்திரைகள் போதையைப் போல அடிமைப்படுத்துவதில்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

8. அவரோடு ஜெபிப்பது

“நீ ஜெபிக்க வேண்டாம், நான் ஜெபிக்கிறேன், நீ படுத்துக்கோ” என்று நான் சொன்ன நாளில்தான் அவள் முதன்முறையாக அழுதாள். சுருக்கமாக ஜெபியுங்கள், இரண்டு நிமிடம் போதும். ஜெபத்துக்குள் புத்திமதியை நுழைக்காதீர்கள். அவரால் வேதம் வாசிக்க முடியாவிட்டால் நீங்கள் ஒரு சங்கீதத்தை வாசியுங்கள், வாக்குத்தத்த வசனங்களை மட்டுமே தேடி எடுக்காதீர்கள். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை விடியாமலே முடிகிறது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்பதே அதன் கடைசி அழுகை. அது வேதத்துக்குள் இருக்கிறது என்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த வசனத்துக்கு நான் செய்ய முடிந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மட்டும்.

ஆலயத்துக்கு வரச்சொல்லி நெருக்காதீர்கள். வர விரும்பினால் கடைசி வரிசையில் வாசலோரமாக உடன் உட்காருங்கள், ‘ஏன் இத்தனை வாரம் காணோம்’ என்ற கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையைத் தவிர்த்துத் தூங்குவதும் தப்பில்லை. தூக்கம் இப்போது அவருக்கு மருந்து.

9. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை

நாள்தோறும் விசாரிப்பதை ஒருவரே சுமந்து களைத்துப்போகாதபடி, அந்த முறையை நால்வரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குமேல் அவசரம் என்றால் மட்டும் அழைப்பது என்று பேசிவைத்துக்கொள்வது அன்புக்குறைவல்ல. டெலி மானஸில் உடனிருப்பவரும் பேசலாம். நான் இரண்டு முறை பேசியிருக்கிறேன்.

10. நலமான பிறகு

நன்றாகிவிட்டது என்று தோன்றிய நாளிலிருந்து குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதங்கள் மாத்திரையைத் தொடர்வது வழக்கம். முன்பும் வந்திருந்தால் இன்னும் நீளும். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும் முறையில், சிறிது சிறிதாகக் குறைத்துத்தான். இந்தக் காலத்தில் சாட்சி சொல்லச் சபையில் அழைப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள், அவர் சொல்ல விரும்பினால் மருத்துவரையும் மாத்திரையையும் விட்டுவிடாமல் சொல்லட்டும். கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் பத்தாம் நாளில் இருக்கிற ஒருவர் இருக்கலாம்.

நோய் திரும்பிவர இடமுண்டு. அதனால் அவர் நலமாக இருக்கும் ஒரு நாளில் இருவரும் உட்கார்ந்து, எந்த அடையாளம் தெரிந்தால் யார் என்ன செய்வது, எந்த மருத்துவர், எந்த மாத்திரை பலன் தந்தது என்று ஒரு தாளில் எழுதி, ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாளின் முதல் வரியை அவளே எழுதினாள்: ‘நான் தொடர்ந்து இரண்டு வாரம் பாட்டுப் பயிற்சிக்கு வரலன்னா, போன் பண்ணிக் கேக்காதே, நேரா வீட்டுக்கு வந்துடு.’